ஸ்னோமொபைல் காபரேட்டரில் எந்த ஸ்குரூவை எத்தனை சுற்று திருப்ப வேண்டும்?

கனடாவின் சட்பரியில் இருக்கும் களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். பழைய இரண்டு ஸ்ட்ரோக், இரட்டைச் சிலிண்டர் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டர் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு, மிக்குனி கம்பனியின் விஎம்34. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐட்லிங் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்குகிறது. வேகம் கூட்டும் கட்டைவிரல் லீவரை அழுத்தினால் ஒரு கணம் அமுங்கி, மூச்சு வாங்கி, அப்புறம்தான் எடுக்கிறது. ஊரில் மாமா தன் ஓட்டோவில் பக்கத்து ஸ்குரூவைத் திருப்பியே எல்லாவற்றையும் சரிசெய்வாராம். "இதில் எந்த ஸ்குரூவை எத்தனை சுற்று திருப்ப வேண்டும்?" என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு ஒன்றையும் திருப்பாதீர்கள். நீங்கள் ஸ்குரூவைக் கேட்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, லீவர் எந்த அளவு திறந்திருக்கும்போது காபரேட்டரின் எந்தத் துளை பெட்ரோல் கொடுக்கிறது என்பது. அது தெரிந்தால் ஸ்குரூ தானாகத் தெரிந்துவிடும். தெரியாமல் திருப்பினால் இரண்டு காபரேட்டரும் இரண்டு திசையில் போய்விடும், பிறகு அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவே ஒரு வாரம் போகும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் 27 வருடமாக கராஜ் வைத்திருக்கிறேன். இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வாவியிலும் கடலிலும் ஓடும் போட் எஞ்சின், இவைதான் என் பிழைப்பு. ஸ்னோமொபைலை நான் தொட்டதே இல்லை. ஐஸ் என்றால் எனக்கு மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடுவதுதான். ஆனால் உங்கள் மிசினில் இருக்கும் விஎம்34-இன் தம்பி, விஎம்20, யமஹா ஆர்எக்ஸ்100-இல் இருக்கிறது. அதை நூற்றுக்கணக்கில் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். எண் என்பது வாயின் விட்டம், மில்லிமீட்டரில். அளவு மாறுகிறதே தவிர உள்ளே இருக்கும் சாமான் அதே சாமான்தான். ஆகவே காபரேட்டரைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். பெல்ட், கிளட்ச், பனி என்று போகும் இடங்களில் அங்கேயுள்ள ஒரு மெக்கானிக்கின் பேச்சுக்கு என் பேச்சைவிட மதிப்பு அதிகம்.

காபரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். உறிஞ்சவில்லை, தள்ளப்படுகிறது. மாரியில் வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் வெட்டினால் தண்ணீர் என்ன வேகத்தில் பாய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அகன்ற வாவியில் அசையாமல் கிடந்த அதே தண்ணீர்தான், ஒடுங்கிய இடத்தில் வேகம் எடுக்கிறது. காபரேட்டரின் நடுவில் இருக்கும் ஒடுக்கத்திலும் காற்று அப்படித்தான் வேகம் எடுக்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் கிடக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருக்கிறது. மேலே குறைவு, கீழே கூட. அந்த வித்தியாசம்தான் பெட்ரோலைச் சின்னப் பித்தளைத் துளை வழியாக மேலே தள்ளுகிறது. அந்தத் துளையுள்ள துண்டுக்குத்தான் ஜெட் என்று பெயர். கிண்ணத்துக்கு வெளிக்காற்று வர ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும். அது மடிந்தாலோ அதன் வாயில் ஐஸ் கட்டினாலோ, எத்தனை பெரிய ஜெட் போட்டாலும் பெட்ரோல் வராது. முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, காசும் இல்லை.

இனி முக்கியமான விஷயம். காபரேட்டருக்கு எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைவிட, ஸ்லைட், அதாவது லீவரை அழுத்தினால் வாய்க்குள் மேலே உயர்ந்து காற்றுக்கு வழிவிடும் அடைப்பு, எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும்தான் ராசா. எட்டில் ஒன்றிலிருந்து கால் வரை ஸ்லைட்டின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு பேசும். காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைட்டில் தொங்கும் ஊசியும் அது இறங்கும் ஊசி ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். இவை கத்தி வெட்டினாற்போல் பிரிந்து நிற்பதில்லை, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். ஆனால் வழி கண்டுபிடிக்க இந்தக் கணக்கு போதும். லீவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். லீவரில் கட்டைவிரல் நுனிக்கு நேரே ஒரு கோடு. பிறகு ஓட்டிப்பார்த்து, கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று எழுதிவையுங்கள். என்னிடம் வரும் பொடியன்களிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன். "ஸ்பீட்ல போகேக்க இழுக்குதில்ல" என்பார்கள். ஸ்பீட் எனக்கு வேண்டாம் தம்பி, கை எங்கே இருந்தது?

உங்கள் கதைக்கு வருகிறேன். ஐட்லிங் ஏறி இறங்குகிறது, லீவரைத் தொட்டதும் அமுங்குகிறது. இரண்டுமே கால் திறப்புக்குள் நடக்கும் காரியம். ஊசியும் மெயின் ஜெட்டும் இந்தப் பிழையில் பங்காளிகள் அல்ல என்பது ஏறக்குறைய நிச்சயம். பழைய மிசின், கோடை முழுக்க ஒரு கொட்டிலில் கிடந்தது என்றால், நான் பந்தயம் கட்டுவது பைலட் ஜெட் அடைப்பின் மேல்தான். அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்குக் கிட்டத்தான் இருக்கும். பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் வார்னிஷ் மாதிரி பிசினாகப் படியும். அங்கே பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அலுமினியக் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். 2022-இல் இங்கே பெட்ரோல் இல்லாமல் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிள்கள், பெட்ரோல் கிடைத்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக என் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதிக்கு மேல் ஒரே நோய்: சோக் இழுத்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும். பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் இருட்டு.

ஆகவே முதல் வேலை ரியூனிங் அல்ல, துப்புரவு. காபரேட்டர் இரண்டையும் கழற்றுமுன் போன் எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடியுங்கள். கிண்ணத்தின் ஸ்குரூக்கள் பார்க்கப் பிலிப்ஸ் தலை மாதிரி இருக்கும், ஆனால் அவை ஜப்பான் அளவு. சாதாரண பிலிப்ஸ் முனை ஆழமாக இறங்காமல் நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே இருப்பதைக் கழற்றி, ஒவ்வொரு ஜெட்டிலும் அடித்திருக்கும் எண்ணை எழுதுங்கள், இடது வலது என்று பிரித்து வையுங்கள். ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி விடவே கூடாது. பித்தளை மெதுவானது, துளை பெருத்துவிட்டால் பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நான் பாவிப்பது தூண்டில் நைலோன் நூல், மெல்லியதாக. அப்புறம் காபரேட்டர் கிளீனர், அப்புறம் காற்று. ஏர் ஸ்குரூவைக் கழற்றினால் அதன் வழியிலும், வாயின் அடிப்பக்கத்தில் ஸ்லைட்டுக்குக் கீழும் அதற்கு அடுத்து எஞ்சின் பக்கமாகவும் தெரியும் ஊசிமுனைத் துளைகளிலும் கிளீனர் பீய்ச்சி வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஜெட் சுத்தம், ஆனால் அந்தத் துளை அடைப்பு என்றால் பட்ட பாடெல்லாம் வீண். ஸ்பிரே அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையால் கண்ணுக்கே வரும். அனுபவம்.

திறந்த கையோடு பிளோட்டையும் பாருங்கள். அதுவும் கழிப்பறைத் தொட்டியில் மிதக்கும் பந்தும் ஒரே வேலைதான் செய்கின்றன: மட்டம் வந்ததும் வாசலை மூடுவது. வாசலை மூடும் ஊசியின் கூம்பில் நகத்தால் தடவி வளையம் மாதிரித் தேய்மானம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். உயரம் எவ்வளவு என்பதை உங்கள் மிசினின் கையேட்டில் பாருங்கள், என் ஆர்எக்ஸ் அளவு அதற்குச் சரிவராது.

சுத்தம் செய்து பூட்டியாயிற்று. இனி நீங்கள் கேட்ட ஸ்குரூ. விஎம்-இன் பக்கத்தில் இரண்டு இருக்கும். பெரிதாக, ஸ்பிரிங் சுற்றி, சாய்வாக நின்று ஸ்லைட்டைத் தாங்குவது ஐட்லிங் ஸ்குரூ. அது கலவையை மாற்றாது, ஸ்லைட் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை மட்டும் சொல்லும். சிறியது, காற்று வரும் வாய்ப் பக்கமாக இருப்பது ஏர் ஸ்குரூ. பெயரே சொல்கிறது, அது காற்றைத் திறப்பது. உள்ளே திருப்பினால் காற்றுக் குறைந்து பெட்ரோல் கூடும், ரிச். வெளியே எடுத்தால் காற்றுக் கூடி லீன். இங்கேதான் மாமாவின் வித்தை உங்களைக் கவிழ்க்கப் பார்க்கிறது. நாலு ஸ்ட்ரோக் காபரேட்டர்கள் பலவற்றில் அந்தச் சின்ன ஸ்குரூ எஞ்சின் பக்கமாக இருக்கும், அது பெட்ரோலைத் திறப்பது. வெளியே எடுத்தால் ரிச். திசை நேர்மாறு. மாமாவின் ஓட்டோ நாலு ஸ்ட்ரோக் என்றால் அவர் கை பழகிய பக்கம் உங்கள் மிசினுக்கு எதிர்ப்பக்கம். ஸ்லைட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

முறை இது. ஏர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருப்பி, முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூம்பு முனை உள்ளே உடைந்து தங்கும், காபரேட்டர் குப்பைக்குத்தான். அங்கிருந்து கையேடு சொல்லும் சுற்று வெளியே. கையேடு கையில் இல்லையென்றால் ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று என்று தொடங்கலாம், இரண்டிலும் ஒரே அளவு. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஆறிய எஞ்சினில் செய்த ரியூனிங் சூடானதும் பொய்யாகிவிடும். ஒரு காபரேட்டரில் கால் சுற்று திருப்பி, பத்து எண்ணும்வரை காத்திருந்து காதால் கேளுங்கள். எங்கே ஐட்லிங் அதிகமாகவும் வழவழப்பாகவும் ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு மற்றதில் அதேபோல. கடைசியாக ஐட்லிங் ஸ்குரூ இரண்டையும் சமமாகக் குறைத்து வேகத்தை இறக்குங்கள். நல்ல இடம் அரைச் சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் ஜெட் சிறிது, ஒரு எண் பெரிதாக்க வேண்டும். இரண்டு, இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் ஜெட் பெரிது. எத்தனை சுற்று என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு எஞ்சின்தான் பதில் சொல்லும்.

இரட்டைக் காபரேட்டர் என்பதால் உங்களுக்கு இன்னொரு வேலை. இரண்டு ஸ்லைட்டும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் முந்தினாலும் ஒரு சிலிண்டர் இழுக்க மற்றது சவாரி செய்யும். ஐட்லிங் குலுங்கும், தொட்டதும் அமுங்கும், அதாவது நீங்கள் சொன்ன அதே குறி. எஞ்சினை நிறுத்தி, காற்றுப் பெட்டியைக் கழற்றி, ஒவ்வொரு வாயிலும் ஒரு விரலை ஸ்லைட்டின்மேல் வைத்து இன்னொருவரை லீவரை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். விரல் பொய் சொல்லாது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரே அளவு டிரில் பிட் இரண்டை எடுத்து, வழவழப்பான அடிப்பக்கத்தை ஸ்லைட்டுக்குக் கீழே வையுங்கள். லீவரை அழுத்தும்போது இரண்டும் ஒரே கணத்தில் தளர்ந்து விழுகிறதா என்று பாருங்கள். கேபிளின் மேல் நுனியில் உள்ள அட்ஜஸ்டரில் திருத்தலாம். முழுசாக அழுத்தும்போது இரண்டும் வாயை விட்டு முற்றாக மேலே போகின்றனவா என்றும் பாருங்கள். இதைச் செய்தபின் மறக்கக் கூடாத ஒன்று: உங்கள் மிசினில் ஆயில் பம்ப் இருந்தால், அதன் கேபிளும் இதே லீவரிலிருந்துதான் போகும். காபரேட்டர் கேபிளை மாற்றினால் ஆயில் பம்பின் குறியும் தள்ளிப்போகும். அந்தக் குறியைச் சேர்த்து வைக்காமல் ஓட்டினால் ஆயில் குறைந்து எஞ்சின் போய்விடும்.

அமுங்குவது லீனாலா ரிச்சாலா என்று அறிய ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கோளாறு வரும் இடத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். நிலைமை தேறினால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் ஏற்கனவே கூட. சோக் என்கிறேன், ஆனால் விஎம்-இல் அது காற்றை அடைக்கும் தகடு இல்லை. தனியாக ஒரு சின்னப் பிஸ்டன் தூக்கி, கிண்ணத்திலிருந்து நேராக ஒரு வழியைத் திறக்கிறது. அந்த வழி வேலை செய்ய ஸ்லைட் மூடியிருக்க வேண்டும். குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சோக்கையும் இழுத்து லீவரையும் அழுத்தினால் சோக் இல்லாததற்குச் சமம். கையை லீவரிலிருந்து எடுத்துவிட்டு இழுங்கள். அந்தப் பிஸ்டனின் அடியில் உள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மூடிய பிறகும் பெட்ரோல் ஒழுகி ஐட்லிங்கைக் கெடுக்கும். எல்லாம் சுத்தம் செய்தும் ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் கறுப்பாக நனைந்தால் அங்கே பாருங்கள்.

ஸ்லைட்டின் சரிவை நான் 27 வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் மாற்றியிருப்பேன், விடுங்கள். ஊசியின் தலையில் ஐந்து வெட்டு இருக்கும், கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் ஊசி இறங்கி லீன், கீழ் வெட்டுக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து ரிச். பழைய மிசினில் ஊசி ஆடி ஆடி ஜெட்டின் வாய் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். அப்போது அரைத் திறப்பில் புகை கூடும், பெட்ரோல் குடிக்கும். அதற்கு மருந்து கிளிப் இல்லை, புது ஜெட்.

மெயின் ஜெட்டில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எஞ்சினைக் கொல்வது இதுதான். தொழில் தொடங்கின காலத்தில் ஒருவர் ஆர்எக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார், பெட்ரோல் கூடக் குடிக்கிறது என்று. நான் கெட்டித்தனமாக மெயின் ஜெட்டை இரண்டு எண் இறக்கினேன். அடுத்த நாள் வந்து கையைப் பிடித்து, "தம்பி, பறக்குது" என்றார். பறக்கத்தான் செய்யும். முழுத் திறப்பில் லேசாக லீன் ஆகும்போது எஞ்சின் கூர்மையாக, சுத்தமாக ஓடும். மூன்றாம் கிழமை கல்முனை ரோட்டில் வெயிலில் முழுசாகத் திருகிக்கொண்டு போனவருக்கு பின்சக்கரம் அப்படியே இறுகிவிட்டது. ஆள் தப்பினார். பிஸ்டனைக் கழற்றியபோது ஓரம் உருகிச் சிலிண்டரில் அப்பியிருந்தது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் சும்மா எரிபொருள் மட்டுமல்ல; ஆவியாகும்போது உள்ளே குளிர்விக்கிறது. ஆயில் பெட்ரோலிலேயே கலந்து ஓடும் எஞ்சினாக இருந்தால் பெட்ரோல் குறையும்போது ஆயிலும் குறைகிறது. சூடு கூட, எண்ணெய் குறைவு. அந்தச் சிலிண்டர் போரிங் காசு என் கையிலிருந்து போனது. அன்றிலிருந்து மெயின் ஜெட்டில் சந்தேகம் வந்தால் ஒரு எண் பெரிதாகத்தான் வைப்பேன். கொஞ்சம் புகைத்தால் பரவாயில்லை.

இங்கேதான் உங்கள் ஊர்க் குளிர் வருகிறது. கச்சான் வீசும் ஆடியிலும் சரி, மார்கழி மழையிலும் சரி, மட்டக்களப்புக் காற்றின் வெப்பம் பத்துப் பன்னிரண்டு பாகைக்குள்தான் ஆடும். அதனால் பருவத்துக்கு ஜெட் மாற்றும் வழக்கமே எங்களுக்குக் கிடையாது. உங்களுக்கு அப்படியில்லை. 30 பாகையில் இருக்கும் காற்றையும் சைபருக்குக் கீழே 30-இல் இருக்கும் காற்றையும் ஒரே அளவு டப்பாவில் பிடித்தால், குளிர்க் காற்றில் கிட்டத்தட்ட 25 சதவீதம் கூடுதல் எடை. டப்பா அதே, ஒட்சிசன் கூட. அடர்ந்த காற்று ஒடுக்கத்தில் போகும்போது பெட்ரோலையும் கொஞ்சம் கூடத் தள்ளவைக்கும், ஆனால் முழுசாக ஈடுகட்டாது. கணக்குப் போட்டால் பாதியளவுதான். மிச்சம் 12 சதவீதத்துக்குக் கிட்ட லீன் பக்கம் தள்ளிப்போகும். இங்கே என்றால் காற்றின் ஈரமும் மூன்று சதவீத அளவுக்கு ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறைந்த காற்றில் அதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் மலை. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு நம்ம ஆட்கள் ஓட்டோவில் போனால் மேலே ஏற ஏறக் கரும்புகை தள்ளி இழுவை குறையும். காற்று மெலிந்துவிட்டது, ஜெட் பழைய ஜெட். குளிர் லீனாக்கும், உயரம் ரிச்சாக்கும். அதனால்தான் ஸ்னோமொபைல் கையேட்டில் வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் எதிரே மெயின் ஜெட் எண் போட்ட அட்டவணை இருக்கும், பல மிசின்களில் மூடியின் உள்ளேயே ஒட்டியிருப்பார்கள். அதைத் தேடிப்பிடித்து, நீங்கள் ஓட்டப்போகும் மிகக் குளிரான நாளுக்குரிய எண்ணைப் போடுங்கள். விற்றவர் வெயில் நாளில் போட்ட ஜெட்டோடு தை மாதம் ஏரிக்கு மேலே முழுசாக அழுத்தாதீர்கள். காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டும் ஓட்டாதீர்கள். சத்தம் கேட்க ஆசைப்பட்டு இங்கே பொடியன்கள் செய்கிற அதே குரங்குச் சேட்டை, அங்கே அதுவும் லீனாக்கும்.

இன்னொரு குளிர்ச் சங்கதி. பெட்ரோல் ஆவியாகும்போது காபரேட்டரின் உடலைக் குளிர்விக்கும். ஈரமான விடியலில் போட் எஞ்சினின் காபரேட்டர் வியர்த்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அந்த வியர்வை ஐஸாகி ஸ்லைட்டை ஒட்டிவிடும். இது கடுங்குளிரைவிட சைபருக்குப் பக்கத்தில், பனி ஈரமாக இருக்கும் நாளில்தான் கூட நடக்கும். ஸ்லைட் திறந்தபடி ஒட்டினால் மிசின் நிற்காது. ஒவ்வொரு தடவையும் இழுக்குமுன் லீவர் தானாகத் திரும்பி வருகிறதா என்று அழுத்திப் பாருங்கள், எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும்.

சுத்தம், ஸ்குரூ, கேபிள் மூன்றும் செய்தும் ஐட்லிங் ஏறி இறங்கினால், காபரேட்டரைக் குற்றம் சொல்வதை நிறுத்துங்கள். காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வாயை வளைத்துப் பாருங்கள், குளிரில் வெடித்திருக்கும். லீவரை விட்டதும் வேகம் உடனே இறங்காமல் தொங்கினால் காற்று எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எஞ்சினின் சுழல் தண்டைச் சுற்றியிருக்கும் கிராங்க் சீல் என்ற ரப்பர் வளையம் போயிருந்தாலும் அதே குறிதான். உங்கள் பெட்ரோல் பம்ப் கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பில் ஓடுவதாக இருக்கலாம். அந்தத் துடிப்புக் குழாயில் ஒரு கீறல் போதும், பம்பும் பலவீனமாகும், காற்றும் ஒழுகும். இரண்டு சிலிண்டரின் கம்பிரஷனையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐட்லிங் நன்றாக நின்று, கிளட்ச் பிடிக்கும் கணத்தில் மட்டும் அமுங்கினால் அது பெல்ட்டோ கிளட்ச்சோ ஆகவும் இருக்கலாம். அதை இங்கிருந்து காதால் கேட்காமல் சொன்னால் நான் சாத்திரம் சொல்பவனாகிவிடுவேன்.

வேலை செய்யும் இடம் பற்றி. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு ரியூன் பண்ணாதீர்கள், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. கிண்ணத்தைத் திறக்கும்போது ஹீட்டர் எரியக் கூடாது. எங்கள் கராஜுக்குச் சுவரே மூன்று பக்கம்தான், எனக்கு இந்தக் கவலை இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ரேஸ் பண்ணவும் வேண்டாம், சுமையில்லாத எஞ்சின் கண்மூடித் திறக்குமுன் எல்லையைத் தாண்டிவிடும்.

கழற்றியதும் நாலு விஷயம் எழுதுங்கள்: இரண்டு பைலட் ஜெட்டின் எண், இரண்டு மெயின் ஜெட்டின் எண், ஊசிக் கிளிப் மேலிருந்து எத்தனையாவது வெட்டில் இருக்கிறது, ஏர் ஸ்குரூ நீங்கள் தொடுமுன் எத்தனை சுற்று வெளியே இருந்தது. இடதும் வலதும் வேறு வேறாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், உங்களுக்கு முன்னால் இன்னொரு மாமா அங்கே கை வைத்திருப்பார்.